வீட்டு வளவில் வாழை: குட்டியைத் தெரிந்து நடுதல்



வாழை நில்லாத வளவு எங்கள் நாட்டில் அரிது. கிணற்றடியிலோ அடுக்களையின் பின்புறத்திலோ இரண்டொரு பற்றை வாழையேனும் நிற்கும். குலை, பொத்தி, தண்டு, இலை ஆகிய யாவும் வீட்டுக்குப் பயன்படும். ஆயினும் நெல்லுக்கும் மிளகாய்க்கும் விதை பார்த்து வாங்குகின்ற நாம், வாழைக்குட்டியை மட்டும் எவர் கொடுத்தாலும் மறுகேள்வியின்றி வாங்கி நட்டுவிடுகின்றோம். இவ்வழக்கத்தால் விளையும் கேட்டையும், நல்ல குட்டியைத் தெரிந்து நடும் முறையையும் இன்று எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

நாம் உண்ணும் வாழைப்பழங்களில் முளைக்கத்தக்க விதை இல்லை. ஆகவே குட்டியே விதை. வாழையின் உண்மையான தண்டு நிலத்தினுள் இருக்கும் கிழங்கேயாகும். மேலே மரம்போல் நிற்பது ஒன்றன்மேலொன்றாகச் சுருண்ட இலைமடல்களின் தொகுதி. கிழங்கிலுள்ள அரும்புகளே குட்டிகளாக வெளிவருகின்றன. தாயின் உடலிலிருந்தே பிறப்பதால், குட்டி தாயின் குணம் முழுவதையும் கொண்டிருக்கும். தாயிடத்தில் நோயிருப்பின் அதுவும் கூடவே வரும். ஆதலால் குட்டியைப் பார்க்குமுன் தாயைப் பார்த்தல் வேண்டும். இயலுமாயின், குலை தொங்கும் காலத்தில் நேரிற் சென்று சீப்புகளின் எண்ணிக்கையையும் காய்களின் பருமனையும் கண்டு, அப்பற்றையை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்துள்ள பற்றைகளையும் ஒருமுறை சுற்றிப் பார்ப்பது நன்று.

ஒரே பற்றையில் இருவகைக் குட்டிகளைக் காணலாம். ஒருவகையின் இலை வாளைப்போல் ஒடுங்கியிருக்கும். அடி பருத்து, நுனி நோக்கிச் சிறுத்துச் செல்லும். தாய்க்கிழங்கோடு வலிவாகப் பொருந்தி அதன் உணவைப் பெற்று வளர்ந்தது அது. மற்றையது சிறியதாயிருக்கும்போதே அகன்ற இலைகளை விரித்து, கண்ணுக்கு அழகாயிருக்கும். நீர்க்குட்டி எனப்படும் இதன் கிழங்கு சிறியது, தாயோடுள்ள பிடிப்பும் மெலிந்தது. அகன்ற இலையைக் கண்டு மயங்கி நீர்க்குட்டியைத் தெரிவோர் பலர். அது பிந்திப் பூத்துச் சிறுகுலையே தரும். இரண்டு மூன்று அடி உயரமான வாளிலைக் குட்டியையே கேட்டு வாங்குங்கள்.

இனி நோயைப்பற்றி. வாழைக்கு வரும் கேடுகளுள் வீட்டு வளவுகளின் வழியே சத்தமின்றிப் பரவுவது முடிக்கொத்து நோய். நோய் கண்ட வாழையின் புதிய இலைகள் வரவரக் குறுகி, நிமிர்ந்து, உச்சியில் ஒன்றாக நெருங்கி நிற்கும். இலையோரம் மஞ்சளிக்கும், இலையை மடித்தால் எளிதில் முறியும். இந்த நிலைக்கு வருமுன்னரே நோயை அறிய ஒரு வழியுண்டு. இளைய இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து அதன் அடிப்புறத்தை நோக்குங்கள். சிறு நரம்புகளிலும் காம்பிலும் கரும்பச்சைப் புள்ளிகளும் கீறுகளும், தந்திக் குறிப்புகள்போல் விட்டுவிட்டுத் தோன்றினால் ஐயமில்லை. இளமையிலே நோயுற்ற வாழை குலை ஈனாது. அதற்கு மருந்துமில்லை. எத்துணைப் பசளை இட்டாலும் அது தேறாது. பசளைக் குறைவென்று நினைத்து மாதக்கணக்கில் அதனைப் பேணுவோர் அக்காலமெல்லாம் அயல் வாழைகளுக்கு நோயையே வளர்க்கின்றனர்.

இந்நோய்க்குக் காரணம் ஒரு வைரசு. அதனை ஒரு வாழையிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுசெல்வது குருத்தடியிலும் மடலிடுக்கிலும் கூடிவாழும் கபிலநிற அழுக்கணவன் என்னும் சிறு பூச்சி. எறும்புகள் மடலிடுக்கில் ஏறியிறங்கக் கண்டால், அங்கே அழுக்கணவன் உண்டா என்று பாருங்கள். அவுஸ்திரேலியாவில் மகீ என்னும் அறிஞர் 1920களில் இவ்வுண்மையை நிலைநாட்டினார். மண்ணாலோ வெட்டுக்கத்தியாலோ இந்நோய் பரவுவதில்லை. அழுக்கணவன் அயல்வளவுக்குக் கொண்டுபோகும். தொலைதூரத்துக்குக் கொண்டுபோவது மனிதனின் கையே. பீஜித் தீவில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அறியப்பட்ட நோய் இலங்கையில் 1913ஆம் ஆண்டிலே காணப்பட்டது. அவுஸ்திரேலியாவுக்கும் பீஜியிலிருந்து சென்ற குட்டிகளோடு அது போய்ச்சேர்ந்து, அங்குள்ள வாழைத்தொழிலை 1920களில் அழிவின் விளிம்புக்குக் கொண்டுவந்தது. நோயுற்றவற்றை அழித்தும், குட்டிகளைக் கண்டபடி இடம்மாற்றுவதைச் சட்டத்தால் தடுத்துமே அவர்கள் அத்தொழிலை மீட்டனர். 1940ஆம் ஆண்டளவில் தென்னிந்தியாவில் கோட்டயத்தைச் சூழ்ந்த பகுதியில் அது தோன்றியபோது, இலங்கையிலிருந்தே வந்ததெனக் கருதப்பட்டது. உறவினருக்கு அன்போடு கொடுத்தனுப்பும் குட்டியும் இத்தகைய பயணத்தையே செய்கின்றது என்பதை மறவாதீர்கள்.

நோய் உட்புகுந்து குறி தோன்ற ஏறக்குறைய ஒரு மாதமோ அதற்கு மேலுமோ செல்லும். ஆதலால் குட்டி நலமாகத் தோன்றுவது மட்டும் போதாது. நோயுற்ற வாழை ஒன்றேனும் நிற்கும் வளவிலிருந்து குட்டி எடுக்கவே வேண்டாம். உங்கள் வளவில் நோய் கண்டால், உடனே பிடுங்கி எறியாதீர்கள். அசைக்கும்போது அழுக்கணவன்கள் அயல் வாழைக்குச் சென்றுவிடும். முதலிற் குருத்தினுள்ளும் மடலிடுக்கிலும் சவர்க்காரக் கரைசலையேனும் சிறிது மண்ணெண்ணெயையேனும் விட்டு அவற்றைக் கொல்லுங்கள். மறுநாள் பற்றை முழுவதையும், சிறு குட்டியும் எஞ்சாது, கிழங்கோடு கிளறி எடுத்துத் துண்டுதுண்டாக வெட்டிப் புதைத்துவிடுங்கள். பாதிப் பற்றையை இரக்கப்பட்டு விடுவோர் மீண்டும் அதே வேலையைச் செய்ய நேரிடும்.

கோலிக்கூட்டு வாழை வளர்ப்போர் பனாமா வாடல் நோயையும் அறிந்திருத்தல் வேண்டும். அது மண்ணில் வாழும் பூஞ்சணத்தால் வருவது. அடியிலைகள் மஞ்சளித்துக் காம்பொடிந்து தொங்கும். தண்டை வெட்டினால் உள்ளே செந்நிற அல்லது கபிலநிறக் கோடுகள் தெரியும். அப்பூஞ்சணம் பல்லாண்டுகள் மண்ணில் உயிரோடிருக்குமாதலால், அவ்விடத்தில் மீண்டும் கோலிக்கூட்டை நடுவது வீண்முயற்சி. அங்கு பாவித்த மண்வெட்டியைக் கழுவாமல் வேறிடத்துக்குக் கொண்டுசெல்லுதலும் ஆகாது.

குட்டியைப் பிரிக்கும்போது அலவாங்கால் தாய்க்கிழங்கோடு சேருமிடத்தில் நேராக வெட்டியெடுங்கள்; இழுத்து முறிக்க வேண்டாம். பின்னர் வேர்களை நீக்கி, கிழங்கின் மேற்றோலை வெண்மை தெரியும்வரை மெல்லியதாகச் சீவுங்கள். கிழங்கைத் துளைக்கும் கூன்வண்டின் முட்டையும் புழுவும் இவ்வாறு பெரும்பாலும் நீங்கும். சுரங்கம்போற் துளைகள் உட்சென்றிருப்பின் அக்குட்டியைக் கழித்துவிடுங்கள். வெப்பமானி உள்ளவர்கள் 54 பாகை செல்சியஸ் வெந்நீரில் 20 நிமிடம் அமிழ்த்தி எடுத்தல் இன்னும் சிறந்தது. சீவிய கிழங்கை இரவில் வெளியே போட்டுவைக்கலாகாது. வண்டு இரவிலே திரிந்து, வெட்டுவாயின் மணத்தை நாடி வரும்.

குழி இரண்டடி நீளம், அகலம், ஆழம் உடையதாயிருக்கட்டும். மேல்மண்ணோடு நன்கு உக்கிய எருவைக் கலந்திட்டு, கிழங்கு சில அங்குலம் மண்ணுள் மறையுமாறு நட்டு, சுற்றிலும் காலால் இறுக்குங்கள். பற்றைகளுக்கிடையே எட்டு முதல் பத்தடி இடைவெளி தேவை. வடக்கிலும் கிழக்கிலும் மாரிமழை தொடங்கும்போது நடுவது இறைப்புச் செலவைக் குறைக்கும். ஆனால் நீர் தேங்கும் பள்ளத்தில் நட்டால் கிழங்கு அழுகும். அடுக்களைக் கழிவுநீர் விழும் வாய்க்காலின் நடுவிலே வாழையை வைக்கும் வழக்கம் எனக்கு உடன்பாடன்று. வாய்க்காலுக்கு அருகே வைத்தாற் போதும்; வேர் ஈரத்தைத் தேடிக்கொள்ளும்.

நல்ல இனம் ஒன்றே கிடைத்து, குட்டிகள் போதாவிடின், ஒரு கிழங்கைக்கொண்டே பலவற்றைப் பெறலாம். நோயற்ற குட்டியின் கிழங்கைச் சீவி, மடல்களை ஒவ்வொன்றாக நீக்கி அரும்புகளை வெளிப்படுத்துங்கள். நடுக்குருத்தைக் குடைந்தெடுத்து, மேற்பரப்பைக் குறுக்காகக் கீறிவிட்டு, ஈரத் தும்புத்தூளில் நிழலிலே புதைத்து வையுங்கள். சில வாரங்களில் பல முளைகள் வரும். வேர்விட்டதும் பிரித்துப் பைகளில் வளர்த்து நடலாம். இழைய வளர்ப்புக் கன்றுகளும் இக்காலத்தில் விற்கப்படுகின்றன. அவற்றில் கூன்வண்டு இராது. ஆனால் தாய்வாழை வைரசுக்குச் சோதிக்கப்பட்டதா என்று கேட்டறிந்தே வாங்குங்கள்.

நட்டபின் செய்யவேண்டியவை பல அல்ல. உலர்ந்த இலைகளைக் கழித்து அடியிலே மூடாக்காக இடுங்கள். வாழை பொற்றாசியத்தை மிக விரும்பும். விறகடுப்பு இன்னும் எரியும் வீடுகளில் சாம்பலை வீசிவிடாது அடியிற் சேர்க்கலாம். ஒரு தாய்க்கு ஒரு குட்டி, அதற்கு ஒரு சிறு குட்டி, இவ்வளவே பற்றையில் நிற்கவேண்டும். எஞ்சியவற்றைச் சிறிதாயிருக்கும்போதே வெட்டி, அரும்பையும் குடைந்துவிடுங்கள். வைகாசியில் சோளகம் கிளம்புமுன் குலை தாங்கிய வாழைக்குக் கவர்த்தடியால் முண்டு கொடுங்கள். பொத்தி வந்து ஏறக்குறைய மூன்று மாதத்தில் காயின் விளிம்புகள் உருளும். அப்போது குலையை வெட்டலாம். அயலார் குட்டி கேட்டு வந்தால், இலையின் அடிப்புறத்தை அவர்களோடு சேர்ந்து வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். ஐயம் எழுமாயின் குட்டியை வளவுக்கு வெளியே விடாது, உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை அழைத்துக் காட்டுங்கள்.