மகளுக்குப் போடும் ஊசி அம்மாவுக்கு ஏன் உதவாது?

(ஆம்பூரில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



14 வயதுச் சிறுமிகளுக்கு ஹெச்.பி.வி. தடுப்பூசியைப் படிப்படியாகப் போட 2025-26 தமிழ்நாடு நிதிநிலை அறிக்கையில் 36 கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டது. கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி இது. ஊசி என்றதும் பெற்றோர் முதலில் கேட்பது நம்மிடம்தான். நம் பிள்ளைகளின் அம்மாக்களில் பலர் ஷூ கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள். அவர்களில் இந்த நோய்க்காக வேலூருக்குப் போய்ச் சிகிச்சை எடுத்துவரும் ஒருவர், "சார், இதை எனக்கும் போட்டால் சரியாகிவிடுமா?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? ஆகாது என்பதே விடை. ஏன் என்பதையும் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் "அந்த ஊசி பலிக்காதாம்" என்ற பேச்சு மறுநாளே தெருவுக்குப் போய்விடும், மகளுக்கும் போடமாட்டார்கள்.

நம் ஊர் டேனரியையே எடுத்துக்கொள்வோம். பச்சைத் தோல் வரும்போது அதில் முடி இருக்கும். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறியபின் முடி போய்விடும். ஆனால், எந்த லாட் என்று தெரிவதற்காக ஓரத்தில் அடித்த துளைக்குறி டிரம்மில் சுற்றினாலும் அழியாது. முடியின் நிறத்தை வைத்துத் தேடுபவருக்குச் சுண்ணாம்புக்குப் பிறகு தோல் அகப்படாது.

ஹெச்.பி.வி. வைரஸின் வெளியுறை எல்1 என்ற புரதத்தால் ஆனது. தடுப்பூசியில் இருப்பது இந்த உறைப் புரதம்தான். வைரஸின் மரபுப்பொருள் அதில் கிடையாது. உடல் அதற்கு எதிர்ப்பொருளை உருவாக்கி வைத்துக்கொள்கிறது. பின்னாளில் வைரஸ் வந்தால், செல்லுக்குள் நுழையும் முன்பே பிடித்துவிடும். வைரஸ் ஏற்கெனவே நுழைந்து, பல ஆண்டுகள் கழித்துச் செல் புற்றாக மாறிவிட்டதென்றால் அங்கே எல்1 இருக்காது. முடி போய்விட்டது. மிஞ்சியிருப்பவை இ6, இ7 என்ற இரண்டு வைரஸ் புரதங்கள். செல் பெருக்கத்துக்குத் தடைபோடும் பி53 புரதத்தை இ6 அழிக்கிறது. ஆர்பி புரதத்தை இ7 முடக்குகிறது. இவ்விரண்டும் இல்லாமல் அந்தப் புற்றுச்செல் தொடர்ந்து பெருக முடியாது. ஆகவே இவைதான் துளைக்குறி. ஆன்டிஜென் என்று ஆய்வாளர்கள் குறிவைப்பதும் இவற்றைத்தான். பிற புற்றுகளில் அவர்கள் தேடி அலையும் குறிகள் பெரும்பாலும் நம் சொந்தப் புரதங்களின் திரிபுகள், ஆளுக்கு ஆள் மாறுபவை. இவ்வளவு தெளிவான குறி கிடைப்பது அபூர்வம்.

சிகிச்சைத் தடுப்பூசி என்பது இந்தக் குறியை டி-செல்களுக்குக் கற்றுக்கொடுப்பது. நெதர்லாந்தில், ஹெச்.பி.வி. 16ஆம் வகையால் பிறப்புறுப்பின் வெளிப்புறத்தில் புற்றுக்கு முந்தைய நிலை ஏற்பட்ட பெண்களுக்கு இ6, இ7 துண்டுகளை ஊசியாகப் போட்டார்கள். ஓராண்டில் 19 பேரில் 9 பேருக்கு அது முழுதாக மறைந்ததென 2009இல் வெளியிட்டார்கள். சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனம் வேறு வழியில் போனது. கருப்பை வாய்ப் புற்று மீண்டும் வந்த பெண்களின் இரத்தத்திலிருந்து டென்ட்ரைட்டிக் செல்களை வளர்த்து, கட்டியின் சாற்றை அவற்றுக்குக் காட்டி, உடலில் திரும்பச் செலுத்திப் பார்த்தது. 2014இல் வெளியான அந்தச் சிறு ஆய்வு, இப்படிச் செய்ய முடியும் என்று காட்டியது. நோய் தீரும் என்று அல்ல. முற்றிய கட்டி தன் குறியை மறைக்கும், வரும் டி-செல்களையும் முடக்கும். ஆகவே, கேட்ட அந்த அம்மாவுக்கு இன்றைக்கு அறுவை, கதிர்வீச்சு, மருந்து ஆகியவைதான்.

நோய் வராத மற்ற அம்மாக்களுக்குப் பரிசோதனை இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டத்தில் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய ஆய்வில், 30 முதல் 59 வயதுப் பெண்களுக்குக் கருப்பை வாயில் அசெட்டிக் அமிலம் தடவி ஒரே ஒரு முறை பார்த்தார்கள். மாற்றம் தெரிந்தவர்களுக்குச் சிகிச்சை தந்தார்கள். இந்த நோயால் வரும் இறப்பு 35 சதவீதம் குறைந்ததென 2007இல் லான்செட் இதழ் வெளியிட்டது. பத்தாம் வகுப்பில் நாம் நடத்தும் எத்தனாயிக் அமிலம்தான் அது!

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்தப் பரிசோதனை இலவசம். ஆனால் ஷூ கம்பெனியில் ஒரு நாள் விடுப்பு என்றால் ஒரு நாள் கூலி போயிற்று. மகளின் ஊசிக்கு ஒப்புதல் கையெழுத்துப் போட அம்மா பள்ளிக்கு வரும் அன்றே, கிராம சுகாதாரச் செவிலியரையும் வரச்சொல்லுங்கள். பரிசோதனைக்கு எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு வரலாம் என்று இருவரும் பேசி அங்கேயே நாளைக் குறித்துக்கொள்ளட்டும்.