சூத்திரமும் கைப்பக்குவமும்



நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்டுக்கொண்ட தலைமுறை இந்தச் சபையின் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறது. ஆட்டு மூளையிலிருந்து எடுத்த அந்த மருந்து, 1907இல் குன்னூரில் தோன்றிய பாஸ்டர் நிலையம் போன்ற இடங்களில் தயாராயிற்று. வலி என்னவோ பிரமாதமான வலிதான், ஆனால் அதற்காக எந்தச் சீமைக் கம்பெனிக்கும் நாம் கப்பம் கட்டவில்லை.

மற்ற மருந்துகளில் அந்தக் கப்பம் வந்த வழி காப்புரிமை. ஆங்கிலேயரின் 1911ஆம் வருஷத்துச் சட்டப்படி இங்கே பெற்ற காப்புரிமைகளில் பெரும்பகுதி அந்நியருடையவை என்பதையும், அவற்றுள் மிகப் பல இந்நாட்டில் ஒரு தொழிலுக்கும் பிரயோஜனப்படாமல் ஏகபோக இறக்குமதிக்குக் காவலாக மட்டும் நின்றன என்பதையும் நீதிபதி இராஜகோபால அய்யங்கார் 1959இல் தம் அறிக்கையில் எடுத்துக்காட்டினார். அதன் பயனாய்ப் பிறந்த 1970ஆம் வருஷத்துச் சட்டம், மருந்தைச் செய்யும் முறைக்குத்தான் உரிமை, மருந்துக்கே உரிமையில்லை என்று விதித்தது. இன்னபடி ரசம் வைப்பது என் முறை என்று ஒருத்தி சொல்லலாம், ரசமே எனக்குச் சொந்தம் என்று சொல்லலாகாது என்கிற நியாயந்தான். அந்த நியாயம் இருந்தபடியால், மேனாட்டார் ஒரு நோயாளிக்கு வருஷத்துக்கு 10,000 டாலருக்கு மேல் விலை கூறிய எய்ட்ஸ் மருந்துகளை, பம்பாய் சிப்லா கம்பெனி 2001இல் 350 டாலருக்குத் தர முன்வந்தது. உலக வர்த்தக ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டு 2005இல் அந்தச் சட்டத்தை நாமே மாற்றிவிட்டோம்.

பிறகு கொரோனா வந்தது. 2020 அக்டோபர் 2ஆம் தேதி (காந்தி ஜயந்தி அன்று!) இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் கொரோனாவுக்கான மருந்து, தடுப்பூசி முதலியவற்றின் காப்புரிமைகளைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும்படி ஜெனீவாவில் உலக வர்த்தக நிறுவனத்திடம் விண்ணப்பித்தன. 20 மாதம் விவாதித்த பிறகு, 2022 ஜூனில், தடுப்பூசிக்கு மட்டும் என்று ஒரு மெலிந்த சலுகை கிடைத்தது. வெள்ளம் வடிந்தபின் வந்த ஓடம் அது.

ஆயினும் காப்புரிமை ஒன்றே பூட்டு என்று எண்ணி ஏமாறாதீர்கள். மாத்திரையின் ரசாயனம் தெரிந்தவன் மாத்திரை செய்துவிடுவான். தடுப்பூசியோ பெரும்பாலும் உயிருள்ளவற்றை வளர்த்து எடுக்கிற பண்டமாதலால், எவ்வளவு நேரம் வளர்ப்பது, எப்போது அடக்குவது, எந்தச் சூட்டில் வைப்பது என்பதெல்லாம் சூத்திரத்தில் பாதியும் கைப்பக்குவத்தில் பாதியுமாக இருக்கிறது. கேப் டவுனில் ஆஃப்ரிஜென் என்னும் சிறு கம்பெனி, கொரோனாத் தடுப்பூசி செய்த மாடர்னா கம்பெனியின் உதவி கிட்டாமலே, வெளியான தகவல்களை வைத்துக்கொண்டு அதே ஜாதித் தடுப்பூசியை 2022 தொடக்கத்தில் ஆய்வுக்கூட அளவில் செய்து காட்டியது என்றால், அங்கே பழகிய கைகள் இருந்தன என்று அர்த்தம்.

நம்மிடம் இருந்த அப்படிப்பட்ட கைகளை நாம் என்ன செய்தோம்? 2008 ஜனவரியில் குன்னூர், கிண்டி, கசௌலி ஆகிய மூன்று அரசுத் தடுப்பூசி நிலையங்களின் உரிமங்களை, உற்பத்தி நெறிக்கு ஒவ்வாதவை என்று நிறுத்திவைத்தோம். ஒவ்வாதிருந்தது மெய். ஓடு ஒழுகுகிறதென்றால் ஓட்டை மாற்றுவார்களா, குடியிருப்பவனை வெளியேற்றுவார்களா? தடை நீங்க 2010 ஆயிற்று. அதற்குள் குழந்தைகளுக்கான ஊசிமருந்துக்குத் தனியாரை அண்டியிருக்கப் பழகிக்கொண்டோம். செங்கல்பட்டில் 100 ஏக்கரில், பல நூறு கோடி ரூபாய்ச் செலவில் எழுப்பிய தடுப்பூசி வளாகத்தில், 2021இல் ஜனங்கள் விடியற்காலையிலேயே ஊசிக்கு வரிசையில் நின்ற நாட்களிலும், கொரோனாத் தடுப்பூசி ஒரு குப்பிகூட உற்பத்தியாகவில்லை. மாநில அரசு குத்தகைக்குக் கேட்டது; கிடைக்கவில்லை.

ஜெனீவாவில் நம் பிரதிநிதி இன்னும் உரத்துப் பேசவேண்டும் என்ற தீர்மானம் தங்கள் முன் இருக்கிறது. செங்கல்பட்டில் உற்பத்தி தொடங்கவேண்டும், குன்னூரிலும் கிண்டியிலும் பழகிய ஆட்களை வைத்துக் காக்கவேண்டும் என்ற ஒரு வரியை அதன் கீழே சேர்த்து, பிறகு கை தூக்குமாறு வேண்டிக்கொள்கிறேன்.