பூட்டிய தொலைபேசியிலும் திறந்திருக்க வேண்டிய எண்கள்

(சத்வாவில் தமிழ் வணிகர்கள் முன்னிலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இணையத் தொலைபேசி அமைப்பில் யார் எங்கே பேசலாம் என்பதை எக்ஸ்டென்ஷன் வாரியாக வகுத்துவிடலாம். மேலாளருக்கு வெளிநாடு, கணக்கருக்கு உள்நாடு, தேநீர் அறைக்கும் காவலருக்கும் உள்ளழைப்பு மட்டும். ஆஸ்டெரிஸ்க் போன்ற மென்பொருளில் சில வரிகளில் முடியும் வேலை இது.

இக்கட்டுப்பாட்டை நான் குறைகூற வரவில்லை. ஓர் எக்ஸ்டென்ஷனின் கடவுச்சொல் களவுபோனால், வார விடுமுறை முடிந்து கடை திறப்பதற்குள் நாம் கேட்டறியாத நாடுகளுக்கெல்லாம் அழைப்புகள் சென்றிருக்கும். கட்டணம் செலுத்துபவர் பூட்டுப் போடுவது நியாயமே.

ஆயினும் ஓர் அலுவலகத்தின் அமைப்பைச் சரிபார்த்தபோது திடுக்கிட்டேன். தேநீர் தரும் தம்பியின் எக்ஸ்டென்ஷனில் காவல்துறையின் 999 எண்ணும் மூடப்பட்டிருந்தது. மூடியவர் கெட்டவர் அல்லர். "வெளியழைப்பு வேண்டாம்" என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டார். அதில் எல்லாமே அடங்கிவிட்டது. கைப்பேசி இருக்கிறதே என்பீர்கள். பணிநேரத்தில் அதை வாங்கி வைக்கும் கடைகளை நாம் அறியாதவர்களா?

இன்னொரு சிக்கலும் உண்டு. வெளியிணைப்புக்கு முதலில் 9 அழுத்தும் பழைய வழக்கத்தை இணையத் தொலைபேசியிலும் பலர் வைத்துள்ளனர். பதற்றத்தில் ஒருவர் 999 அழுத்தினால், அமைப்பு முதல் 9-ஐ விழுங்கிவிட்டு வெறும் 99-ஐ வெளியே அனுப்பக்கூடும். மருத்துவ ஊர்தியின் 998, தீயணைப்பின் 997 ஆகியவற்றுக்கும் இதே கதிதான்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 2013 டிசம்பரில் ஒரு விடுதி அறையில் கேரி ஹன்ட் என்ற பெண் தாக்கப்பட்டபோது, அவருடைய ஒன்பது வயது மகள் 911-ஐ மீண்டும் மீண்டும் அழைத்தாள். முன்னால் 9 சேர்க்க வேண்டுமென்று அக்குழந்தைக்குத் தெரியாது. தாய் உயிரிழந்தார். அவர் பெயரால் 2018-இல் இயற்றப்பட்ட சட்டம், அங்கே பலவழித் தொலைபேசி அமைப்புகளில் முன்னெண் இன்றியே 911 இணைய வேண்டும் என்கிறது.

நாம் சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. 999, 998, 997 ஆகிய மூன்றுக்கும், எல்லா எக்ஸ்டென்ஷன்களுக்கும் பொதுவாகத் தனி விதி எழுதச் சொல்லுங்கள். 9 அழுத்தினாலும் அழுத்தாவிட்டாலும் இணைப்புக் கிடைக்கட்டும். இந்தியத் தொழிலாளர்களின் உதவி எண்ணான 80046342 கட்டணமற்றது; அதை மூடுவதால் உங்களுக்கு ஒரு திர்ஹமும் மிச்சமில்லை. இலங்கையர் பணிபுரியும் இடமானால் அவர்களுடைய துணைத் தூதரக எண்ணையும் சேருங்கள்.

சோதனைக்கென்று 999-ஐ அழைத்துவிடாதீர்கள். அமைப்பவரை அருகில் அமர்த்தி, கடைநிலை ஊழியரின் எக்ஸ்டென்ஷனுக்குரிய விதிகளைத் திரையில் காட்டச் சொல்லுங்கள்.