மருத்துவம் பயிலும் நம் மக்களும் ஆராய்ச்சியும்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நன்னூலும் யாப்பும் கற்பிக்கும் பள்ளியாசிரியன் மருத்துவத்தைப் பற்றிப் பேச எழுந்தமை உங்களுட் சிலர்க்கு வியப்பாக இருக்கலாம். யான் நாடி பார்க்கவும் அறியேன். மருந்தின் பெயரைப் பிழையின்றிச் சொல்லவும் அறியேன். எனினும் சென்ற கோடையில் ஒரு மருத்துவ மாணவியின் வேலையில் சிறிது பங்கு கொள்ள நேர்ந்தது. அதனால் அறிந்தவற்றை, நம் கல்வி நிதியைப் பற்றிய யோசனை சபைமுன் வரவிருக்கும் இத்தருணத்தில், சொல்லாதிருப்பது தகாதென்று எண்ணுகின்றேன்.

நம் இளமையில் இக்கரையிற் பிறந்த பிள்ளை மருத்துவம் பயில விரும்பின் மதுரைக்கேனும் சென்னைக்கேனும் போதல் வேண்டும். 2022 ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் இராமநாதபுரத்திலேயே அரசினர் மருத்துவக் கல்லூரி திறக்கப்பெற்றது. 2020 இல் இயற்றப்பெற்ற சட்டத்தால் அரசினர் பள்ளிகளிற் பயின்றோர்க்கு மருத்துவக் கல்வியில் நூற்றுக்கு ஏழரை இடம் ஒதுக்கப்பட்டது. இவ்விரண்டினாலும், வலை பின்னும் வீட்டிலும் பனையேறும் வீட்டிலும் பிறந்தவர்கள் வெள்ளைச் சட்டை அணிதலை யாம் கண்ணாற் காண்கின்றோம். இது பெரும் பேறே. ஆயினும் அப்பிள்ளைகளிடம் நாம் எதிர்பார்ப்பது யாது? விரைவிற் படித்து முடித்து, ஊரில் ஒரு பலகை தொங்கவிட்டு, சீட்டு எழுதிக் கொடுத்தல். இதற்கு மேல் நம் எண்ணம் செல்வதில்லை.

என்னிடம் தமிழ் பயின்று இப்போது ஒரு மருத்துவக் கல்லூரியிற் கற்கும் பெண் ஒருத்தி, விடுமுறை இரண்டு மாதமும் தன் பேராசிரியரின்கீழ் ஆராய்ச்சி செய்யப் போவதாகச் சொன்னபோது, அவள் தந்தையார் என்னிடம் வந்து முறையிட்டார். “வாத்தியாரையா, வைத்தியம் படிக்கத்தானே அனுப்பினேன்! ஊர் ஊராய்ப் போய்க் கணக்கெடுக்கிறதுக்கா அனுப்பினேன்? நீங்களாவது புத்தி சொல்லக்கூடாதா?” என்றார். யான் புத்தி சொல்லத்தான் போனேன், பெற்றுக்கொண்டு திரும்பினேன்.

1911 இல் வேறு பெயரில் தோன்றி, 1949 இல் இப்பெயர் பெற்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், 1979 முதல் இளநிலை மருத்துவ மாணவர்க்கென்றே ஒரு குறுகிய கால ஆராய்ச்சித் திட்டத்தை நடத்தி வருகின்றது. மாணவர் ஒரு வினாவை எடுத்துக்கொண்டு, ஒரு பேராசிரியரை வழிகாட்டியாகக் கொண்டு, இரண்டு மாதம் ஆராய்ந்து, அறிக்கை எழுதி அனுப்புதல் வேண்டும். ஏற்கப்பட்டால் உதவித்தொகையும் சான்றிதழும் உண்டு. பட்டம் பெற்ற பின்னன்றோ ஆராய்ச்சி என்று கேட்பீராயின், உலக வரலாறு அவ்வாறு சொல்லவில்லை. நீரிழிவைப் பற்றி இன்று நாம் அறிந்தவற்றிற்கெல்லாம் அடியான கணையத்துச் சிறு திட்டுக்களை 1869 இற் கண்டு எழுதியவர் இலாங்கர்ஹான்ஸ். அப்போது அவர் பெர்லினில் ஒரு மாணவர், வயது இருபத்தொன்று. இரத்தம் உறைதலைத் தடுக்கும் ஹெப்பாரின் என்னும் மருந்துக்கு வழி திறந்த மக்லீன் என்பாரும் அமெரிக்காவில் ஹௌவல் என்னும் பேராசிரியரின்கீழ் வேலை செய்த மருத்துவ மாணவரே. அது 1916 இல். ஆசிரியர் தேடச் சொன்னதோ உறையச் செய்யும் பொருளை. மாணவர் கண்டதோ அதற்கு நேர்மாறானது!

நம் சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவை மறத்தல் ஆகாது. கதர் உடுத்ததனால் ஓர் ஆசிரியரின் மனக்கசப்புக்கு ஆளாகி, உரிய பட்டம் பெறாது தாழ்ந்த பட்டமே பெற்றவர் அவர். 1923 இல் பாஸ்டன் நகருக்குச் சென்று, பிஸ்கே என்னும் ஆசிரியருடன் உடலிற் பாஸ்பரத்தை அளக்கும் முறையை வகுத்தார். யானைக்கால் நோய்க்கு நம் நாட்டில் வீடுதோறும் வழங்கப்பட்ட மாத்திரை, 1947 இல் அவர் தலைமையிலிருந்த ஆய்வுக்கூடத்திலிருந்து வெளிவந்தது. ஓர் ஆசிரியரால் தாழ்ந்தவர் வேறோர் ஆசிரியருடன் உழைத்து உயர்ந்தார் என்பதை மாணவர்கள் கருதுக.

இனி நோயாளிகளிடையே செய்யும் ஆராய்ச்சிக்கு ஓர் எடுத்துக்காட்டு. காசநோயாளர் பல மாதம் சானடோரியத்திற் கிடந்தாலன்றிப் பிழையார் என்று உலகம் நம்பியிருந்த காலத்தில், 1956 இற் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. நகரத்து ஏழை நோயாளரைத் திருவுளச்சீட்டுப் போன்றதொரு முறையால் இரு பகுதியாக்கி, ஒரு பகுதியாரை ஆஸ்பத்திரியிலும், மற்றொரு பகுதியாரை அவரவர் நெருக்கமான குடிசையிலுமே வைத்து, ஓராண்டு மருந்து கொடுத்தனர். வீட்டிலிருந்தோரும் ஏறக்குறைய அவ்வளவே குணமடைந்தனர்; உடனுறைந்த பிள்ளைகளுக்கும் அதனால் நோய் மிகவில்லை. 1959 இல் இம்முடிபு வெளிவந்தபின் பல தேசங்களில் வைத்திய முறையே மாறிற்று. எண்ணிப் பார்த்துக் குறித்து வைத்ததன்றி அவர்கள் புதுமருந்து ஒன்றும் காணவில்லை.

அம்மாணவி எடுத்துக்கொண்ட வினா நம் கரையைச் சார்ந்தது. பாம்பன் தீவின் பக்கத்துக் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்களை நீங்கள் அறிவீர்கள். விரல்களிற் கந்தையைச் சுற்றிக்கொண்டு, காலில் தகட்டைக் கட்டிக்கொண்டு, பாறையைத் துழாவுகின்றனர். அவர்தம் கைகால்களில் உண்டாகும் புண்களைப் பற்றியும், எத்தனை நாள் கழித்து வைத்தியரிடம் வருகின்றனர் என்பதைப் பற்றியும் அறிதலே அவள் நோக்கம். முதலில் “உங்களுக்குத் தோல் நோய் உண்டா?” என்று கேட்டாள். அனைவரும் இல்லையென்றனர். பேராசிரியர் அதைக் கண்டு, “கேளாதே, கையைக் காட்டச் சொல்” என்றார். கந்தையை அவிழ்த்தவுடன் புண் தெரிந்தது. அவர்களுக்கு அது நோயன்று, தொழில்.

ஆராய்ச்சிக்கு உட்படுவோரிடம் அவர்தம் மொழியில் உடன்பாட்டுப் பத்திரம் பெறுதல் சட்டம். அதனைத் தமிழில் எழுதும் பணி எனக்கு வந்தது. “இவ்வாய்வின்கண் யான் முழு இசைவுடன் உடன்படுகின்றேன்” என்று செம்மையாகவே எழுதிக் கொடுத்தேன். பெருமையும் கொண்டேன். கரையூரில் ஒரு மூதாட்டி அதனைப் படிக்கக் கேட்டுவிட்டு, “ஏந்தம்பி, இதுல கைநாட்டு வச்சா நாளைக்குப் பாசி எடுக்கப் போகக்கூடாதுன்னு சொல்லிருவாகளா?” என்றார். யான் நாணினேன். 1986 இல் அத்தீவுகள் தேசியப் பூங்கா ஆக்கப்பட்டதிலிருந்து, காகிதத்துடன் வருவோர் எல்லாரும் அவர்க்கு வனத்துறையாரே. என் இலக்கணம் அந்த அச்சத்தை அணுவளவும் போக்கவில்லை. மறுபடி எழுதினேன்: “இது வனத்துறைக்குப் போகாது. உங்கள் பெயரை யாருக்கும் சொல்ல மாட்டோம். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அதனால் ஆஸ்பத்திரியில் உங்களுக்குப் பார்க்கிற வைத்தியம் குறையாது.”

மாற்றிய பத்திரத்தை மறுபடியும் நெறிமுறைக் குழுவிற்கு அனுப்பி இசைவு பெற்ற பின்னரே தொடங்கவேண்டும் என்று பேராசிரியர் பிடிவாதமாக நின்றார். நாட்கள் கழிந்தன, பெண் அழுதாள். “இவ்வளவு சிறிய மாற்றத்துக்கா?” என்று யானும் கேட்டேன். “அம்மூதாட்டிக்கு அது சிறிதன்று, ஐயா” என்றார் அவர். மேற்பார்வை என்பது இதுவே என்று அன்று தெளிந்தேன்.

எல்லா வழிகாட்டிகளும் அவ்வாறு இருப்பர் என்று யான் சொல்லவில்லை. பெயரை மட்டும் கொடுத்துவிட்டு மாணவரைத் தெருவில் விடுவாரும் உளர். சான்றிதழுக்காகப் பிறர் அறிக்கையைப் பெயர்த்தெழுதும் மாணவரும் உளர். தேர்வு நெருங்கும் ஆண்டில் இதில் இறங்குதலும் நன்றன்று. ஆதலால் பெற்றோர், “உன் ஆசிரியர் யார்? வாரத்துக்கு எத்தனை முறை உன்னைப் பார்ப்பார்?” என்று பிள்ளையைக் கேட்டறிதல் நலம். அத்தந்தையார்க்கும் அதையே சொன்னேன்.

நம் கரையில் வினாக்களுக்குப் பஞ்சமில்லை. சங்கு குளிப்போரின் செவி, வாலிநோக்கத்து உப்பளத்தில் நிற்போரின் கண், பனையினின்று வீழ்ந்தோரின் முதுகெலும்பு, இவற்றை இக்கரையின் பிள்ளைகள் எண்ணாவிடின் வேறு யார் வந்து எண்ணுவர்? மீன்களை ஆராய மண்டபத்தில் மத்திய அரசினர் ஒரு நிலையம் கண்டனர். மீன் பிடிப்பவனின் உடம்பும் அவ்வளவு கவனத்துக்கு உரியதன்றோ?

இனி என் வேண்டுகோள். நம் கல்வி நிதி தேர்வு மதிப்பெண்ணுக்கே பரிசு தருகின்றது. ஆராய்ச்சி செய்யும் மாணவர்க்கு அவ்விரு மாதத்திற்குப் பஸ் கட்டணமும் உணவுச் செலவும் கொடுக்குமாறு விதியைத் திருத்தவேண்டும். அத்திட்டத்தின் உதவித்தொகை அறிக்கை ஏற்கப்பட்ட பின்னரே வருவது. அலைச்சலுக்கான செலவோ முதல் நாளே வருகின்றது. அப்பெண்ணின் தாயார் காதணியை அடகு வைத்தே அச்செலவைச் செய்தார். இத்தீர்மானம் நிர்வாக சபையில் வரும்போது அங்கத்தினர்கள் ஆதரிப்பீர்களாக. யான் முதலில் எழுதிய பத்திரத்தையும் பின்னர் எழுதியதையும் காரியதரிசி அவர்களிடம் கொடுத்திருக்கின்றேன். விரும்புவோர் வாங்கிப் பார்க்கலாம்.