பாட்டைக் கேளுங்கள், பானையையும் பாருங்கள்



பங்க் இசை என்றால் என்ன என்று இன்றைக்கு நான் விளக்கப் போவதில்லை. மூன்று கார்டு, இரண்டு நிமிடம், தொண்டை கிழியும் குரல். நீங்கள் கேட்டிருப்பீர்கள். சிலர் ரசித்திருப்பீர்கள், சிலர் வானொலியை அணைத்திருப்பீர்கள். இரண்டு தரப்பாரும் இன்று கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும். நான் பேச வந்தது பிலிப்பைன்ஸ் நாட்டுப் பங்க் இளைஞர்களைப் பற்றி. அவர்கள் விலங்குகளுக்காகவும் மண்ணுக்காகவும் செய்கிற காரியங்களைப் பற்றி.

போன மாதம் மணிலாவுக்குப் போயிருந்தேன். ஒரு பெரிய வணிக வளாகத்தில் மண்டை ஓடு அச்சிட்ட பங்க் சட்டைகள் தொங்கின. கிழிசல்கூடத் தொழிற்சாலையில் அளவெடுத்துக் கிழித்தது. நாலு கடை தள்ளி இறைச்சி சேராத பர்கர் விற்றார்கள். அதன் விலை அங்கே ஒரு கூலித் தொழிலாளியின் அரைநாள் சம்பளம். அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு அந்த பர்கரைத் தின்றுவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கிற ஒரு தலைமுறை அங்கே வரிசையில் நின்றது. எனக்கு ஆத்திரமாக வந்தது. அந்த நகரத்தில் நான் ஆறு வருடம் இருந்தவன். பேஸ் கிட்டார் வாசித்தவன். கச்சேரிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து ஐந்து கிலோ வெங்காயம் உரித்தவன். பங்க் பாட்டும் புலால் இல்லாத சோறும் அங்கே ஒரே பாயில்தான் உட்கார்ந்திருந்தன. அதைப் பார்த்தவன் சொல்கிறேன்: பாட்டைக் கேளுங்கள், பானையையும் பாருங்கள். பானையைப் பார்க்காமல் அந்தப் பாட்டு புரியாது.

முதலில் பாட்டு. டாமி டான்சாங்கோ என்பவர் 1985-இல் ட்விஸ்டட் ரெட் கிராஸ் என்ற கேசட் நிறுவனத்தைத் தொடங்கினார். 1989 வரை நடத்தினார். பிட்ரேய்ட், அர்பன் பாண்டிட்ஸ், டெட் எண்ட்ஸ் என்று அந்தக் காலத்துக் குழுக்களின் பெயர்கள் இன்றும் அங்கே பயபக்தியோடு சொல்லப்படுகின்றன. அது அதிபர் மார்கோஸ் ஆட்சியின் கடைசிக் காலம். பத்தான் மாகாணத்தில் மொரோங் என்ற ஊரில் 621 மெகாவாட் அணு உலை ஒன்றை அரசு கட்டி முடித்திருந்தது. பக்கத்திலேயே நதீப் என்ற எரிமலை. மீனவரும் விவசாயியும் மாணவரும் சேர்ந்து 1985 ஜூனில் அந்த மாகாணத்தையே கடையடைத்து நிறுத்தினார்கள். மறுவருடம் ஆட்சி கவிழ்ந்தது, செர்னோபில் வெடித்தது, உலை திறக்கப்படாமலே மூடப்பட்டது. ஒரு விளக்குகூட அதனால் எரியவில்லை. ஆனால் அதற்கு வாங்கிய கடனை அந்த மக்கள் 2007 வரை கட்டிக்கொண்டிருந்தார்கள். முதல் கேசட் வந்த வருடமும் அந்தக் கடையடைப்பு நடந்த வருடமும் ஒன்று. சுற்றுச்சூழல் என்ற சொல் அந்தப் பையன்களுக்கு வகுப்பறையிலிருந்து வரவில்லை. வீட்டு வாசலில் வந்து நின்றது.

அந்தக் குழுக்களில் எனக்கு உயிர் ஒன்றுதான். தி வுட்ஸ். மற்றவர்களைப் பற்றிப் பேச இன்னொரு நாள் வேறு யாராவது வரட்டும். இன்று எனக்குக் கிடைத்திருக்கும் நேரத்தில் வுட்ஸைப் பற்றித்தான் பேசுவேன்.

மூன்றே பேர். கிட்டாரில் பாபி பாலிங்கிட், பேஸில் ஆல்ஃபிரட் கெவாரா, டிரம்ஸில் அஜி அட்ரியானோ. 80-களின் நடுவில் ‘ஆர்ம்ஸ் டாக்’ என்ற கேசட்டை வெளியிட்டார்கள். எனக்குக் கிடைத்தது பிரதிக்குப் பிரதி எடுத்த ஒன்று. மணிலாவின் கியாப்போ பகுதியில் பழைய வானொலிப் பெட்டி ரிப்பேர் செய்யும் ஒருவர் எனக்குக் கொடுத்தார். பாதிப் பாட்டில் இரைச்சல்தான் கேட்கும். அந்த இரைச்சலுக்குள்ளும் பாபியின் கிட்டார் தனியாகத் தெரியும். மற்றக் குழுக்களின் கிட்டார் சுவர் மாதிரி வரும், இடுக்கே இருக்காது. பாபி வாசித்தால் இடுக்கு இருக்கும், காற்று வரும். ஒரு கார்டை அடித்துவிட்டு அது தானாக அடங்கும்வரை காத்திருப்பார். பங்க் வாசிக்கிறவனுக்குக் காத்திருப்பதுதான் ரொம்பக் கஷ்டம். நான் வாசிக்கிறவன், எனக்குத் தெரியும். கை பரபரக்கும். அந்தப் பரபரப்பை அடக்கி ஒரு நொடி மௌனம் விட அவர் ஒருவரால்தான் முடிந்தது.

இந்த வுட்ஸ்காரர்கள் கிருஷ்ண பக்தியின் பக்கம் திரும்பினார்கள். ஹரே கிருஷ்ணா இயக்கத்தில் சேர்ந்து இறைச்சியை விட்டார்கள். கத்தோலிக்க நாட்டில், பன்றி வறுக்காத திருவிழாவே இல்லாத நாட்டில், பங்க் பாடுகிறவன் கையில் ஜபமாலை! சிலர் முகம் சுளித்தார்கள், அவர்களின் வேகம் போய்விட்டது என்றார்கள். எனக்கு நேர்மாறாகத்தான் தோன்றுகிறது. 90-களின் நடுவில் வந்த அவர்களுடைய ‘அட் நகாலிமுத்தான் ஆங் தியோஸ்’ தொகுப்பைக் கேளுங்கள். ‘கடவுள் மறக்கப்பட்டார்’ என்று அந்தத் தலைப்புக்குப் பொருள். அதில் கோபம் குறையவில்லை, நிதானம் கூடியிருக்கிறது. கொல்லாமையைப் பற்றி யாருக்கும் வகுப்பு எடுக்காமல் தாங்களே அதன்படி வாழ்ந்துகாட்டிய குழு அது. அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான சில கடுஞ்சைவ ஹார்ட்கோர் குழுக்களைக் கேட்டிருக்கிறேன். இறைச்சி தின்கிறவனை மேடையிலிருந்தே மிரட்டுவார்கள். நன்றாகத்தான் வாசிப்பார்கள். ஆனால் கேட்டு முடித்த பிறகு எனக்குப் பசிதான் எடுத்திருக்கிறது, மனம் மாறியதில்லை.

மனம் மாறிய கதையைச் சொல்கிறேன். அங்கேதான் பானை வருகிறது.

ஃபுட் நாட் பாம்ஸ் என்று ஒரு வழக்கம் உண்டு. குண்டு வேண்டாம், சோறு போடு என்பதுதான் அதன் கொள்கை. 1980-இல் அமெரிக்காவில் சீபுரூக் அணு உலையை எதிர்த்தவர்கள் தொடங்கியது. அதற்குத் தலைவர் இல்லை, தலைமை அலுவலகம் இல்லை. எந்த ஊரிலும் நாலு பேர் சேர்ந்து செய்யலாம். சந்தையில் விற்காமல் மிஞ்சிய காய்கறியை வாங்கி, விலங்கிலிருந்து வந்த எதையும் சேர்க்காமல் சமைத்து, தெருவில் கேட்கிறவருக்கெல்லாம் இலவசமாகப் போடுவது. பிலிப்பைன்ஸில் இதைக் கையில் எடுத்தவர்கள் பெரும்பாலும் பங்க் பிள்ளைகள். மணிலாவிலும் செய்தார்கள், தெற்கே டாவாவோவிலும் செய்தார்கள்.

நான் போன முதல் நாள், விடியற்காலை நாலு மணி. பாலிந்தவாக் சந்தை. பெங்கெட் மலையிலிருந்து லாரி லாரியாக முட்டைக்கோஸ் வந்து இறங்கும் இடம். வெளி இலை கருகியது, கேரட்டில் முனை ஒடிந்தது என்று ஒதுக்கிய குவியல்களிலிருந்து நாங்கள் பொறுக்கினோம். எங்களோடு வந்த பெண்ணுக்கு இருபது வயதிருக்கும், பாதித் தலை மழித்திருந்தாள். கடைக்காரம்மாக்கள் அவளைப் பார்த்துப் பயப்படுவார்கள் என்று நான் நினைத்தேன். அவர்களோ பேர் சொல்லிக் கூப்பிட்டு, இரண்டு பூசணிக்காயை அவள் பையில் தூக்கிப் போட்டார்கள்.

சமையலில்தான் நுட்பம் இருக்கிறது. பிலிப்பைன்ஸ் சமையலில் கறியை விடுவது சுலபம். பாத்திஸையும் பகோங்கையும் விடுவதுதான் கஷ்டம். பாத்திஸ் என்பது மீன் ஊறவைத்து வடித்த சாறு, பகோங் என்பது உப்பிட்டுப் புளிக்கவைத்த கூனி அல்லது மீன் விழுது. கீரையிலும் போடுவார்கள், கத்தரிக்காயிலும் போடுவார்கள். அங்கே உப்பு என்றாலே மீன்தான். எனக்கு அது தெரியாது. பயறு கொதித்துக்கொண்டிருந்தது, பக்கத்தில் ஒரு புட்டி இருந்தது, சோயா சாறு என்று நினைத்து மூடியைத் திறந்தேன். அந்தப் பெண் பாய்ந்து வந்து என் கையைப் பிடித்தாள். “குயா, பாத்திஸ் வேண்டாம்!” என்றாள். குயா என்றால் அண்ணன். அது அந்த வீட்டுக்காரர் விட்டுப்போன புட்டி. ஒரு துளி விழுந்திருந்தால் எண்பது பேர் சோறு அவர்கள் கணக்கில் வீண்.

அன்றைக்கு வெந்தது முங்கோ. நம்முடைய பாசிப்பயறுதான். பூண்டும் வெங்காயமும் தக்காளியும் வதக்கி, பயறு குழைந்ததும் மேலே ஒரு கீரையைக் கொட்டுவார்கள். அதன் பெயர் மலுங்கை. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மலுங்கை, முருங்கை! இலையும் அதே இலை. கடல் தாண்டி, மொழி தாண்டி, அந்தப் பானையில் என் அம்மா வைக்கும் முருங்கைக்கீரைக் கூட்டின் வாசனை. மீன் சேராத உப்பு போதாமல் இருக்குமோ என்று பயந்தேன். பூண்டைப் பொன்னிறம் தாண்டிச் சற்று அதிகமாகவே வறுத்து, புளியைக் கொஞ்சம் விட்டார்கள். மீன் இல்லாத குறையே தெரியவில்லை. அவர்கள் அதற்குப் பழகிய கைகள். கிட்டாரில் பாபி விடுகிற அந்த ஒரு நொடி மாதிரிதான் இதுவும். பூண்டு கருகும் முன் எப்போது எடுப்பது என்று காத்திருக்கத் தெரிந்த கை.

சாலையோரம் இறக்கி வைத்தோம். ஜீப்னி ஓட்டுநர், குப்பை பொறுக்கும் சிறுவன், பாலத்தடியில் குடியிருக்கும் கிழவி எல்லாரும் வந்தார்கள். நாய்களும் வந்தன. அவற்றுக்கும் தனியாக ஒரு தட்டில் சோறு விழுந்தது. தெருநாயை அங்கே முன்பு அஸ்கால் என்றுதான் சொல்வார்கள், தெருவின் நாய் என்று பொருள். இப்போது அஸ்பின் என்கிறார்கள். பிலிப்பைன்ஸ் நாட்டு நாய் என்று கௌரவமான பெயர். விலங்கு நலச் சங்கத்தார் பரப்பிய சொல் அது. பங்க் பிள்ளைகள் அதை உடனே பிடித்துக்கொண்டார்கள்.

நாய் என்றதும் இன்னொன்று சொல்லவேண்டும். சாராயத்துக்குத் தொட்டுக்கொள்ளும் பண்டத்தை நாம் சைட் டிஷ் என்கிறோமே, அங்கே அதைப் புலுதான் என்பார்கள். சாராயம் ஒரே கிண்ணத்தில் வட்டமாகச் சுற்றி வரும். கிண்ணத்தையும் புலுதானையும் மறுப்பது நட்பை மறுப்பது போல. சில ஊர்களில் அந்தப் புலுதான் நாய்க்கறி. அதை அசுசேனா என்பார்கள். அசோ என்றால் நாய், சேனா என்றால் இரவுச் சாப்பாடு. அசுசேனா என்பது ஸ்பானிய மொழியில் லில்லிப் பூவின் பெயரும்கூட. 1998-இல் விலங்கு நலச் சட்டம் வந்தது, 2007-இல் வெறிநாய்க்கடித் தடுப்புச் சட்டம் நாய்க்கறி வணிகத்தைத் தடை செய்தது. ஆனால் வட்டத்துக்குள் சட்டம் வந்து உட்காருவதில்லை. மாமனும் சித்தப்பனும் உட்கார்ந்திருக்கிற வட்டத்தில் ஒரு பதினெட்டு வயதுப் பையன், “எனக்கு வேண்டாம்” என்று தட்டை அடுத்தவருக்கு நகர்த்துவதைப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு அசைவுக்கு மேடையில் கத்தும் நூறு பாட்டு ஈடாகாது. பாட்டைக் கேளுங்கள், பானையைப் பாருங்கள், அவன் நகர்த்திய அந்தத் தட்டையும் பாருங்கள்.

எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. சேவற்கட்டு. 1974-இல் மார்கோஸ் போட்ட ஆணை ஞாயிற்றுக்கிழமைகளில் அதை அனுமதிக்கிறது. இன்றும் ஊருக்கு ஊர் களம் இருக்கிறது, காலில் கத்தி கட்டி விடுகிறார்கள். அதைப் பற்றி நான் கேட்ட பாட்டுகள் மிகக் குறைவு. அப்பா வளர்க்கும் சேவலைப் பற்றி மகன் பாடத் தயங்குகிறான் என்று நினைக்கிறேன். தயங்கக்கூடாது. நாய்க்கறியைத் தள்ளத் துணிந்தவர்கள் இதையும் பேச வேண்டும்.

இன்னொரு விலங்கின் கதையையும் சொல்கிறேன். மணிலா மிருகக்காட்சிசாலையில் மாலி என்று ஒரு யானை இருந்தது. 1981-இல் இலங்கை அரசு மார்கோஸின் மனைவி இமெல்டாவுக்குப் பரிசாக அனுப்பிய குட்டி. பல பத்தாண்டுகள் தன் இனத்தில் இன்னொன்றைப் பார்க்காமல் சிமெண்டுத் தரையில் தனியாக நின்றது. அதை விடுவிக்கச் சொல்லி உலகப் புகழ்பெற்ற பாடகர்கள் கடிதம் எழுதினார்கள். அது நடக்கவில்லை. 2023 நவம்பரில் அங்கேயே இறந்தது. எங்கள் கச்சேரிகளுக்கு வருகிற ஒரு பையன் தோல் ஜாக்கெட் போடமாட்டான். தோல் விலங்குடையது என்பான். பழைய ஜீன்ஸ் துணி ஜாக்கெட்டின் முதுகில் மாலியின் படத்தைத் தானே திரை அச்சில் போட்டு, பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் நூலால் தைத்திருந்தான். அந்த நூல் அறாது என்று எனக்குக் காட்டினான். வணிக வளாகத்தில் தொங்கும் சட்டைகளைப் பார்த்தபோது எனக்கு அவன் முதுகுதான் நினைவுக்கு வந்தது.

அவர்கள் விலங்குகளோடு நின்றுவிடவில்லை. 2013-இல் யோலாண்டா புயல் அடித்து ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோது, இதே பங்க் பிள்ளைகள் சூரிய மின்தகடுகளைத் தூக்கிக்கொண்டு கிழக்குத் தீவுகளுக்குப் போனார்கள். மின்கம்பங்கள் எல்லாம் சாய்ந்து கிடந்த ஊர்களில் மக்களின் கைப்பேசிகளுக்கு சார்ஜ் ஏற்றிக் கொடுத்தார்கள். உயிரோடு இருக்கிறோம் என்று ஒருவர் வீட்டுக்குச் சொல்ல அது போதும்.

போன மாதம் அந்தப் பெண்ணைத் தேடிப் போனேன். தலைமுடி வளர்த்திருக்கிறாள். ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை, இரண்டு குழந்தைகள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதே பானை, அடி நசுங்கிய அதே அலுமினியப் பானை, அவள் வீட்டு வாசலில் அடுப்பில் இருந்தது. உள்ளே பழைய டேப் ரெக்கார்டரில் வுட்ஸ் பாடிக்கொண்டிருந்தது. “குயா, பூண்டை நீங்கள் பாருங்கள்” என்று கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டு மலுங்கை பறிக்கப் போனாள்.

அன்று அங்கே ஓடிய பாட்டைத்தான் இப்போது ஒலிபரப்பப் போகிறார்கள். ‘இனொசென்தே லாங் ஆங் நாக்தாதாகா’. அப்பாவிகளுக்கு மட்டுமே வியப்பு என்று பொருள். ஒலியைச் சற்றுக் கூட்டி வையுங்கள். கிட்டார் ஓய்கிற இடங்களைத் தவறவிடாதீர்கள்.