நோய்க்காலத்துச் செய்தியும் ஜனங்களின் நம்பிக்கையும்

(நம் சங்கத்தின் ஆம்பூர்க் கூட்டத்திற் செய்த பிரசங்கம்)

 

2020-ஆம் வருடம் மார்ச்சு 25-ஆம் தேதி கொரோனா நோயின் பொருட்டு ஊரடங்கு பிறந்தவுடன், வாணியம்பாடி முதல் இராணிப்பேட்டை வரையில் தோல் ஷாப்புகளும் ஷூ கம்பெனிகளும் கதவடைத்தமை யாவரும் அறிந்ததே. கூலி நின்று வீட்டிலடைபட்ட நம்மவர்க்கு அரிசிக்கு அடுத்தபடியாக வேண்டியிருந்தது மெய்யான செய்தி. அது கிடைத்ததா?

பத்திரிகைக் காகிதத்திற் கிருமி வருமென்றஞ்சி அதனை நிறுத்தியோர் பலர். அவர்களே, கைப்பேசியில் வந்த, எழுதியவன் பெயரற்ற தகவலை வேதவாக்காகக் கொண்டனர்! பிரேதத்தினின்று நோய் பரவுமென்ற பீதியால், ஏப்ரல் 19-ஆம் தேதி சென்னையில் டாக்டர் சைமன் ஹெர்குலிஸ் அவர்களின் உடலை அடக்கஞ் செய்யச் சென்றோர் கல்லாலும் கட்டையாலும் தாக்குண்டனர்.

பத்திரிகைகளும் குற்றமற்றவையல்ல. டில்லி நிஜாமுதீன் கூட்டத்துக்கு வந்த அந்நிய தேசத்தாரே நோயைப் பரப்பினர் என்னும் தோற்றத்தை உண்டாக்கப் பத்திரிகைகளிலும் தொலைக்காட்சியிலும் பெரும் பிரசாரம் நடந்ததென்று, பம்பாய் ஹைகோர்ட்டின் ஔரங்காபாத் கிளை 2020 ஆகஸ்டு 21-ல் கூறிற்று. முஸ்லிம்களும் நம்மவரும் ஒரே ஷாப்பில் தோள்சேர்ந்து உழைக்கும் இப்பகுதியில் அதன் தீங்கை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஆயினும் எல்லாவற்றையும் பொய்யென்று தள்ளலாகாது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில், சென்னை மாநகராட்சியின் மரணப் பதிவேட்டுத் தொகையும் சர்க்கார் அன்றாடம் வெளியிட்ட தொகையும் ஒவ்வவில்லையென்று எடுத்துக்காட்டியவை பத்திரிகைகளே. சர்க்கார் ஒரு குழு அமைத்து ஆராய்ந்து, ஜூலை 22-ஆம் தேதி, விட்டுப்போன 444 மரணங்களைக் கணக்கிற் சேர்த்தனர். இதனாற் சர்க்காரின் கௌரவம் குறைந்ததாக யாம் கருதவில்லை. அதன்பின் வந்த கணக்கையே யாம் சற்று நம்பிப் படித்தோம்.

இறந்தவன் இறந்தான், கணக்கில் ஏறினாலென்ன என்பீர்கள். 2021 அக்டோபர் 4-ல் சுப்ரீம் கோர்ட்டு, இந்நோயால் மாண்டார் குடும்பத்துக்கு ரூ. 50,000 கொடுக்கும் ஏற்பாட்டை அங்கீகரித்தது. மரணச் சான்றில் நோயின் பெயர் இல்லையென்பது ஒன்றையே காட்டி மறுக்கலாகாதென்றும் கட்டளையிட்டது. எனினும் பரிசோதனைச் சீட்டோ வைத்தியர் குறிப்போ வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரிக்குச் சென்றால் உயிரோடு திரும்புவதில்லை யென்ற வதந்தியை நம்பி, பரிசோதனைக்கே போகாது வீட்டில் மாண்டவன் மனைவி எந்தச் சீட்டைக் காட்டுவாள்?

ஆதலின், இனியொரு தொற்றுநோய் வருமுன், நம் சங்கம் தெருவாரியாக ஒரு மரணப் பதிவேடு வைத்து, மாதந்தோறும் அதனைச் சர்க்கார் கணக்கோடு ஒத்துப்பார்க்க வேண்டுமென்று பிரேரேபிக்கின்றோம். முதற் புத்தகத்தின் கிரயத்தை யாமே தருகின்றோம்.