பேறுகாலத்தில் துணை நிற்கும் கை
(பழவேற்காடு மகளிர் கூட்டத்தில் மீஞ்சூர் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



சாலை, குடிநீர், தெருவிளக்கு ஆகியவற்றைப் பற்றியே நாம் வழக்கமாகப் பேசுவதுண்டு. இன்று பெருஞ்செலவில்லாத, ஆயினும் உயிரோடு தொடர்புடைய ஒரு பணியைக் குறித்துப் பேச விரும்புகிறோம். வலியில் துடிப்பவரின் முதுகை நீவி, கையைப் பற்றி, அருகிலேயே இருத்தல் என்பதே அப்பணி.

ஏரியோரக் குப்பங்களுக்கு இது புதிதன்று. கணவன் கடலுக்குச் சென்ற இரவில் மனைவிக்கு வலி கண்டால், அண்டை வீட்டு மூதாட்டி ஓடி வருவார், இடுப்பை நீவுவார், "பயப்படாதே தாயி" என்பார். பிரசவம் மருத்துவமனைக்குச் சென்றது பெரும் நன்மை. எத்தனையோ தாய்மார் உயிர் பிழைத்தனர். ஆனால் அந்த மூதாட்டி மட்டும் வாயிலிலேயே நின்றுவிட்டார். நம் இல்லத்தில் முதற்குழந்தை பிறந்தபோதும் அவ்வாறே நேர்ந்தது. மாமியார் தாழ்வாரத்தில் கண்ணீர் விட, அவர் மகள் உள்ளே தனியே கதறினார். நாமும் செய்வதறியாது நின்றோம். இன்றும் அதை மறக்கவில்லை.

இக்குறை நீங்க, அரசு மருத்துவமனைகளில் பிரசவ வேளையில் பெண் துணையொருவர் உடனிருக்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2004-இல் கொண்டுவந்தது. 2016-இல் மத்திய அரசும் இதற்கு இசைவளித்தது. 2018-இல் உலக சுகாதார நிறுவனமும் இதனைப் பரிந்துரைத்தது. அச்சம் மிகும்போது உடல் இறுகுகிறது, வலியும் பெருகுகிறது. 15,000-க்கும் மேற்பட்ட தாய்மாரைக் கொண்ட 26 ஆய்வுகள் 2017-இல் ஒருங்கே ஆராயப்பட்டன. இடைவிடாத துணை பெற்றோர்க்குப் பிரசவ நேரம் சுருங்கியது. அறுவைச் சிகிச்சையும் குறைந்தது.

துணை செல்பவர் தாமும் பிள்ளை பெற்றவராயிருத்தல் நன்று. தொற்றுநோய் இருத்தலாகாது; ஆடை தூயதாயிருக்க வேண்டும்; செவிலியர் பணியில் குறுக்கிடலாகாது. முதுகையும் இடுப்பையும் மெல்ல நீவலாம். வயிற்றை அழுத்தித் தள்ளுதல் கூடவே கூடாது. அதனால் கருப்பை கிழியவும் கூடும். குழந்தைக்கு எண்ணெய் தடவுங்கால் காதிலும் மூக்கிலும் விடலாகாது. தொப்புளில் எதுவும் பூசாமல் உலர விடுக.

வரும் உயிருக்கு உரிய பரிவு, போகும் உயிருக்கும் உரியது. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் வழியே, படுக்கையிலுள்ள முதியோர்க்கு இயன்முறைச் சிகிச்சையும் வலிதணிக்கும் பராமரிப்பும் இல்லத்திலேயே கிடைக்கின்றன. செவிலியர் சென்றபின் முதியவரைப் புரட்டிப் படுக்க வைப்பதும், காலைப் பிடித்துவிடுவதும், பேச்சுக்குச் செவிகொடுப்பதும் நம் கடமை.

ஆணை இருந்தும் கேட்பாரில்லையேல் அது தாளிலேயே தங்கிவிடும். ஆகவே உங்களிடம் ஒன்று வேண்டுகிறோம். ஒவ்வொரு குப்பத்திலும், கருவுற்ற பெண்ணுக்குத் துணை செல்பவர் யார் என்பதை எட்டாம் மாதத்திலேயே முடிவு செய்து, கிராம சுகாதாரச் செவிலியரிடம் தெரிவியுங்கள். ஏரியில் கையால் இறால் பிடித்துப் பிழைக்கும் இருளர் சகோதரிகளையும் மறவாதீர். துணையற்றவர்க்கு மகளிர் குழுவே ஒருவரை அனுப்பட்டும். அவர் இழக்கும் ஒரு நாள் கூலியைக் குழுவினர் பகிர்ந்துகொள்ளட்டும்.

வாயிலில் நின்ற அந்த மூதாட்டியை மீண்டும் உள்ளே அழைத்துச் செல்வோம்.